வெட்டும் கலை: குறும்படத் தொகுப்பும் நிறைவும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

எழுதியதைப் படித்துப் பார்த்து, வேண்டாதவற்றை நீக்கி, முன்பின்னாக மாற்றிச் செப்பம் செய்த பின்னரே ஒரு வரைவு நூலாகிறது. திரைப்படத்திற்கும் இது பொருந்தும். கைப்பேசியிலேயே ஒளிப்பதிவு செய்ய இயலும் இக்காலத்தில், குறும்படம் எடுக்கத் தொடங்குவது எளிது. அதை முடித்துப் பிறர்முன் திரையிடுவதே கடினம். எடுத்த காட்சிகளைத் தேர்ந்து, கோத்து, ஒலி சேர்த்து, பார்வையாளரிடம் ஒப்படைக்கும் வரையிலான பணிகளையும், அப்பணிகளில் படத்தொகுப்பாளர் ஏற்கும் பொறுப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

வெட்டு பிறந்த வரலாறு

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசு நகரில் லூமியர் உடன்பிறப்புகள் கட்டணம் பெற்றுத் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐம்பது நொடிகளே ஓடின. தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறும் காட்சி அவற்றுள் ஒன்று. ஒளிப்பதிவுக்கருவி ஓரிடத்தில் நின்று, சுருள் தீரும்வரை கண்டதைப் பதிவு செய்தது. அப்படங்களில் அசைவு இருந்தது. ஆனால், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாவிக் கதை சொல்லும் முறை இல்லை.

கருவி இயங்கத் தொடங்கியது முதல் நிற்கும்வரை இடையறாது பதிவாவதை ‘ஷாட்’ என்பர். ஒரு ஷாட்டின் முடிவில் மற்றொன்றை ஒட்டினால், இடமும் காலமும் நொடியில் மாறிவிடும் என்பதைத் திரைக்கலைஞர்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். 1903இல் எட்வின் எஸ். போர்ட்டர் இயக்கிய ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ என்னும் படத்தில் கொள்ளையர் தப்பியோடும் காட்சியை அடுத்து, கட்டுண்டு கிடக்கும் தொடர்வண்டி நிலையப் பணியாளர் காட்டப்படுகிறார். இடையில் நிகழ்ந்த பயணமோ கழிந்த நேரமோ காட்டப்படவில்லை. விடுபட்டதைப் பார்வையாளர் தாமே நிரப்பிக்கொண்டனர். பார்ப்போரின் அறிவையும் நம்பிக்கையையும் துணைக்கொண்டு நடப்பதே படத்தொகுப்பு என்பதற்கு இதுவே தொடக்கச் சான்றுகளுள் ஒன்று.

இரு காட்சிகள், மூன்றாம் பொருள்

ரசியத் திரைக்கலை ஆசிரியர் லெவ் குலெஷோவ் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வைச் செய்தார். உணர்ச்சி எதையும் வெளிப்படையாகக் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்துக்கொண்டு, அதனருகே ஒருமுறை உணவுக் கிண்ணத்தையும், ஒருமுறை சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையையும், ஒருமுறை ஓர் இளம்பெண்ணையும் வைத்து ஒட்டினார். பார்த்தவர்கள் அம்முகத்தில் முறையே பசியையும் துயரையும் விருப்பத்தையும் கண்டு, நடிகரின் திறத்தைப் பாராட்டினர் என்பர். முகம் மாறவில்லை; அதனை அடுத்து நின்ற காட்சியே மாறியது.

தமிழ் இலக்கியம் பயில்வோர்க்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. சங்கப் பாடல்களில் பயின்றுவரும் உள்ளுறை உவமத்தில், தலைவனது ஒழுக்கம் நேராகச் சொல்லப்படுவதில்லை. மலரைச் சிதைத்து மேயும் எருமையைக் காட்டிவிட்டுப் புலவர் அமைதி கொள்கிறார். கருப்பொருளின் செயலையும் மாந்தரின் செயலையும் இணைத்துப் பொருள் காண்பது படிப்பவர் கடன். அருகருகே நிற்கும் இரண்டிலிருந்து சொல்லப்படாத மூன்றாவது பிறப்பது கவிதைக்கும் திரைக்கும் பொதுவான இயல்பு எனலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு குறும்படம்

படத்தொகுப்பின் படிநிலைகளை விளங்கிக்கொள்ள, மேல்நிலை வகுப்பு மாணவர் ஐவர் உருவாக்கும் ‘வருகைப்பதிவு’ என்னும் குறும்படத்தைக் கற்பனையாகக் கொள்வோம். அரையாண்டு விடுமுறைக்குப் பின் பள்ளிக்கு வராமல், நூற்பாலை வேலைக்குச் சென்றுவிடும் மாணவி ஒருத்தியைப் பற்றியது அக்கதை. ஆசிரியர் வருகைப்பதிவு எடுக்கும்போது ‘பதினேழு’ என்று அழைக்கிறார். விடை இல்லை. அந்த அமைதியே படத்தின் மையம்.

படப்பிடிப்பு முடிந்தபோது குழுவிடம் 160 நிமிடப் பதிவுகள் உள்ளன. இறுதிப் படமோ எட்டு நிமிடம். எடுத்தவற்றுள் இருபதில் ஒரு பங்கே திரையை அடையும். எஞ்சிய பத்தொன்பது பங்கை விலக்குவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வேண்டும்.

> தெரிந்து தெளிவோம்
>
> திரையரங்குப் படங்களில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுவது வழக்கம். எனவே, எட்டு நிமிடப் படத்தில் 11,520 சட்டகங்கள் இருக்கும். 35 மி.மீ. படச்சுருளில் ஒரு நிமிடக் காட்சியின் நீளம் 90 அடி. அக்காலத்தில் எட்டு நிமிடப் படத்தைத் தொகுத்தவர் இறுதியில் 720 அடிச் சுருளைக் கையில் ஏந்தியிருப்பார். ‘மூவியோலா’ என்னும் கருவியில் சுருளை ஓட்டிப் பார்த்து, வெட்டி, ஒட்டிய அவர்களது பணியின் நினைவாகவே, கணினியிலும் ‘வெட்டு’ என்னும் சொல் நிலைத்துவிட்டது.

பாதுகாத்தலும் பார்த்தலும்

தொகுப்பின் முதல் வேலை வெட்டுவதன்று, பாதுகாப்பது. நினைவு அட்டையிலுள்ள பதிவுகளை இரு வேறு வன்தட்டுகளில் படியெடுத்து, அவற்றை வெவ்வேறு இடங்களில் வைத்தல் வேண்டும். இரண்டு படிகளையும் திறந்து பார்த்து உறுதி செய்யும்வரை நினைவு அட்டையை அழித்தல் கூடாது. பின்னர், நாள், காட்சி எண், ஷாட் எண், எத்தனையாவது முறை எடுத்தது என்னும் வரிசையில் கோப்புகளுக்குப் பெயரிட வேண்டும். ‘புதியது’, ‘இறுதி’, ‘உண்மையான இறுதி’ எனப் பெயரிடப்பட்ட கோப்புகளுக்கு நடுவே தேடி அலைவதில் பல மாணவர் படங்கள் நின்றுபோகின்றன.

அடுத்தது, எடுத்த அனைத்தையும் ஒருமுறையேனும் முழுமையாகப் பார்த்தல். நடிப்பவர் வசனத்தைப் பிழையின்றிச் சொன்ன பதிவே சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இயக்குநர் ‘கட்’ சொன்ன பின்னும் கருவி ஓடிக்கொண்டிருந்த இரு நொடிகளில், நடிப்பு முடிந்ததென்று தலைகவிழ்ந்த சிறுமியின் முகம் பதிவாகியிருக்கலாம். படம் தேடிய முகம் அதுவாகவும் இருக்கலாம். பார்க்கும்போது முதலில் மனத்தைத் தொட்டவற்றைக் குறித்துவைப்பது நன்று. பத்தாம் முறை பார்க்கும்போது அந்த உணர்வு மழுங்கிவிடும். எழுதிவைத்த குறிப்பே அப்போது வழிகாட்டும்.

வரைவு முதல் இறுதி வடிவம் வரை

தேர்ந்த ஷாட்டுகளைத் திரைக்கதை வரிசைப்படி கணினியின் காலக்கோட்டில் அடுக்குவது முதல் நிலை. இது பெரும்பாலும் நீளமாகவும் சோர்வூட்டுவதாகவும் இருக்கும். தொகுக்கத் தொடங்குவோர் பலர் மனம் தளரும் இடமும் இதுவே. அடுக்கியது படமன்று, படத்திற்கான மூலப்பொருள் என்னும் தெளிவு இருந்தால் தளர்ச்சி நேராது. இரண்டாம் நிலையில் கதையோட்டம் சீராகும்வகையில் நீக்கியும் இடம்மாற்றியும் பார்ப்பர். மூன்றாம் நிலையில் ஒவ்வொரு வெட்டையும் சட்டகக் கணக்கில் செப்பம் செய்வர். இனி மாற்றமில்லை என்று குழு ஒருமனதாக முடிவு செய்த பின்னரே ஒலிக்கும் வண்ணத்திற்கும் செல்ல வேண்டும்.

எதை நீக்குவது என்னும் வினாவிற்குப் பவணந்தி முனிவரின் நன்னூல் துணைசெய்கிறது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அந்நூல் வகுத்துள்ளது. அவற்றுள் நான்கை ‘வருகைப்பதிவு’ படத்தில் பொருத்திக் காணலாம்.

வெற்றிருக்கையைக் காட்டிய பின், தோழி ஒருத்தி “அவ இனிமே வரமாட்டா” என்று சொல்வதாக ஒரு ஷாட் உள்ளது. கண்ணால் கண்டதையே காதாலும் கேட்கச் செய்வதால் அது ‘கூறியது கூறல்’. அதன்மேல் உருக்கமான வயலின் இசையைச் சேர்த்தால் ‘மிகைபடக் கூறல்’. ஒளிப்பதிவு செய்த மாணவர் ஏரிக்கரையில் மூன்று விடியல்கள் காத்திருந்து, சிறகு உலர்த்தும் நீர்க்காகத்தை எடுத்திருக்கிறார். குழுவின் ஆகச் சிறந்த ஷாட் அதுவே. ஆயினும், கதையில் ஏரிக்கும் பறவைக்கும் இடமில்லை; எனவே அது ‘மற்றொன்று விரித்தல்’. அதனை நீக்குவது எளிதன்று. மூன்று விடியல்களின் உழைப்பு பார்வையாளருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஷாட்டின் அழகோ அதற்குப் பட்ட பாடோ அளவுகோலாக முடியாது. அப்படத்திற்கு அது ஆற்றும் தொண்டே அளவுகோல்.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். விடியற்காலையில் நூற்பாலை வேன் தெருமுனையில் வந்து நிற்கும் நான்கு நொடிக் காட்சியையும் நீக்கிவிட்டால், மாணவிக்கு என்ன நேர்ந்தது என்பதே விளங்காது. அது ‘குன்றக் கூறல்’ ஆகிவிடும்.

எங்கே வெட்டுவது?

அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், நல்ல வெட்டுக்குரிய ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தியுள்ளார். உணர்ச்சி, கதை, தாளம் ஆகியவை முதல் மூன்று. பார்வையாளரின் கண் செல்லும் இடம், திரைத்தளத்தின் ஒழுங்கு, இடத்தொடர்ச்சி ஆகியவை அவற்றின் பின் வருவன. உணர்ச்சிக்கு மட்டும் நூற்றுக்கு 51 பங்கு அளிக்கிறார். முந்தைய ஷாட்டில் வலக்கையில் இருந்த பேனா அடுத்ததில் இடக்கைக்கு மாறியிருப்பதைப் பலர் கவனிக்கமாட்டார்கள். உணர்ச்சி அறுபட்டால் அனைவரும் உணர்வர். அனைத்தையும் காக்க இயலாதபோது, வரிசையின் அடியிலுள்ளதை முதலில் விட்டுக்கொடுக்கலாம் என்பது அவர் கருத்து.

‘பதினேழு’ என்னும் அழைப்பிற்குப் பின்வரும் அமைதியை எவ்வளவு நேரம் வைப்பது? இரண்டு நொடியில் வெட்டினால், யாரோ விடை சொல்லத் தாமதித்ததாகத் தோன்றும். பத்து நொடி வைத்தால், ‘இது துயரக்காட்சி’ என்று படம் தன்னைத் தானே சுட்டிக்காட்டிக்கொள்ளும். ஐந்து நொடியில் முதல் வரிசை மாணவி ஒருத்தி திரும்பி இருக்கையைப் பார்க்கிறாள். ஆசிரியரின் பேனா தாளுக்கு மேலே நின்று, பிறகு இறங்குகிறது. பேனா தாளைத் தொடும் சட்டகமே வெட்டுவதற்குரிய இடம். அதற்குமுன் வெட்டினால் முடிவு இல்லை. அதற்குப்பின் வெட்டினால் தேவை இல்லை. கணினியில் நிறுத்தி அளந்து மட்டும் இதனைக் கண்டறிய இயலாது. படத்தை ஓடவிட்டு, பார்வையாளராக அமர்ந்து உணர்ந்தே கண்டறிய வேண்டும்.

> தெரியுமா?
>
> திரைத்துறையின் தொடக்க காலம் முதலே பெண்கள் படத்தொகுப்பில் சிறந்து விளங்கியுள்ளனர். 1929இல் வெளிவந்த ‘மேன் வித் எ மூவி கேமரா’ என்னும் சோவியத் படத்தைத் தொகுத்த எலிசவேத்தா ஸ்விலோவா, அப்படத்திலேயே தொகுப்பு மேசையில் பணிபுரிபவராகவும் தோன்றுகிறார். புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற ரேணு சலுஜா, ‘பரிந்தா’ உள்ளிட்ட படங்களின் தொகுப்பிற்காகத் தேசிய விருது பெற்றவர். தமிழ்த் திரையுலகில் ‘காதலன்’ படத்திற்காக பீ. லெனின், வி.டி. விஜயன் இருவரும், ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்திற்காக ஸ்ரீகர் பிரசாத்தும் அவ்விருதைப் பெற்றனர்.

செவிக்குரிய தொகுப்பு

காட்சி சற்று மங்கலாக இருந்தாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வர். பேச்சு விளங்காவிடில் படத்திலிருந்தே விலகிவிடுவர். எனவே, உரையாடலைத் தெளிவாக்குவதே ஒலித்தொகுப்பின் முதற்கடமை. பேச்சு, சூழல் ஒலி, தனித்தெடுத்த ஒலிகள், இசை ஆகியவற்றைக் காலக்கோட்டில் தனித்தனி அடுக்குகளில் வைக்க வேண்டும். ஒலியளவைக் காட்டும் பட்டை சிவப்பைத் தொட்டால் ஒலி சிதையும். அவ்வாறு சிதைந்து பதிவானதைப் பின்னர்ச் சீர்செய்வது அரிது.

அமைதிக்கும் ஒலி உண்டு. வகுப்பறையில் எவரும் பேசாதபோதும் மின்விசிறியின் சுழற்சியும், மைதானத்து விளையாட்டுக் கூச்சலும், தொலைவில் செல்லும் பேருந்தும் கேட்டுக்கொண்டிருக்கும். படப்பிடிப்பு நடந்த ஒவ்வோர் இடத்திலும் அனைவரும் அசையாது நின்று அரை நிமிடச் சூழல் ஒலியைத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். இரு பேச்சுகளுக்கிடையே வெட்டிய இடத்தில் அதனை நிரப்பாவிட்டால், ஒலி அறுந்து பள்ளம் விழுந்தது போலிருக்கும்.

காட்சியும் ஒலியும் ஒரே இடத்தில்தான் மாற வேண்டும் என்பதில்லை. ஆசிரியரின் ‘பதினெட்டு’ என்னும் குரல் தொடர்ந்து ஒலிக்கும்போதே, திரையில் காட்சி மாறி நூற்பாலை வேன் வந்து நிற்கலாம். முந்தைய காட்சியின் ஒலி அடுத்த காட்சியின்மேல் நீள்வதை ‘எல் வெட்டு’ என்பர். மாறாக, வெற்றிருக்கை திரையில் இருக்கும்போதே நூற்புக் கதிர்களின் இரைச்சல் மெல்லத் தொடங்கி, பின்னர் ஆலை தோன்றினால் அது ‘ஜே வெட்டு’. காலக்கோட்டில் காட்சியும் ஒலியும் அமையும் வடிவம் அந்த ஆங்கில எழுத்துகளைப் போல் இருப்பதால் இப்பெயர்கள் வந்தன. வகுப்பறையில் எண்கள் தொடர்ந்துகொண்டிருக்க, ஒருத்தியின் வாழ்க்கை வேறு பக்கம் செல்வதை வசனம் ஏதுமின்றி இவ்விரு வெட்டுகளும் உணர்த்திவிடுகின்றன.

வெட்டும் அறமும்

கதைக்காகக் களத்தகவல் திரட்டியபோது, படிப்பை நிறுத்திய மாணவி ஒருத்தியின் தாயிடம் இசைவு பெற்று, அவர் பேச்சைக் குழு பதிவு செய்திருக்கிறது. அதனைப் படத்தின் இறுதியில் சேர்க்க விரும்புகின்றனர். அத்தாய் சொல்கிறார்: “நான்தான் நிறுத்தினேன். யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். அவங்க அப்பா படுத்த படுக்கையாயிட்டாரு. மூத்தவ ஒருத்தி சம்பாதிச்சாத்தான் சின்னதுங்க ரெண்டும் படிக்கும். அவளே போறேன்னு சொன்னா. நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும்.”

படத்தொகுப்பாளர் முதல் தொடரை மட்டும் வைத்து வெட்டிவிடலாம். “நான்தான் நிறுத்தினேன்” என்னும் குரலோடு படம் முடிந்தால், அதிர்ச்சி மிகும், கைத்தட்டலும் கிடைக்கும். அச்சொற்கள் அவர் சொன்னவையே; ஒரு சொல்லும் பொய்யன்று. ஆயினும், அந்த வெட்டு பொய் சொல்லும். நோயும் வறுமையும் தங்கைகளின் படிப்பும் திரைக்கு வெளியே தள்ளப்பட, தாய் ஒருவரே குற்றவாளியாக நிற்பார். பேச்சை முழுவதுமாக வைக்கும்போது படம் கேட்கும் கேள்வியே மாறிவிடுகிறது. “யார் நிறுத்தியது?” என்பது போய், “அவளைப் பள்ளியில் நிறுத்திக்கொள்ள யாரெல்லாம் தவறினோம்?” என்று பார்ப்போர் தம்மையே வினவிக்கொள்வர்.

தொகுத்த பகுதியைக் குழுவினர் அத்தாயிடம் காட்டுகின்றனர். தம் பேச்சு இருக்கட்டும், முகம் வேண்டாம் என்கிறார் அவர். மகள் வேலை செய்யும் இடத்தில் பேச்சு எழும் என்பது அவர் அச்சம். குழு முகத்தை நீக்கி, அவர் குரலை வெற்றிருக்கையின்மேல் ஒலிக்கச் செய்கிறது. அதனால் படத்தின் வலிமை குறையவில்லை. குறைந்திருப்பினும் அவர் விருப்பமே முதன்மையானது. ஒருவர் ஒளிப்பதிவிற்கு அளித்த இசைவு, தொகுத்தபின் பிறக்கும் எல்லாப் பொருள்களுக்கும் அளித்த இசைவாகாது. பேசியவர் அங்கில்லாதபோது அவருக்காகப் பேச வேண்டியவர் படத்தொகுப்பாளரே.

நிறைவுப் பணிகள்

வகுப்பறைக் குழல்விளக்கின் ஒளியும் வெளியில் வெயிலின் ஒளியும் வெவ்வேறு நிறச்சாயல் உடையவை. அவற்றைச் சமன்செய்து, ஒரே முகம் எல்லா ஷாட்டிலும் ஒரே நிறமாகத் தோன்றச் செய்வது வண்ணத்திருத்தம். அதன்பின் கதையின் மனநிலைக்கேற்பச் சாயல் தருவது வண்ணச்செம்மை. இப்பணியில் முகங்களை வெளுப்பாக்கும் ஆசையைத் தவிர்க்க வேண்டும். வெயிலில் நிற்கும் மனிதரின் கருமை, சரிசெய்ய வேண்டிய பிழையன்று.

பெயர் வரிசையில் உதவிய அனைவரும் இடம்பெற வேண்டும். தேநீர் வாங்கி வந்தவரும் வீட்டைத் திறந்துவிட்டவரும் விடுபடலாகாது. ‘இயக்குநர்’, ‘படத்தொகுப்பு’ போன்ற சொற்களில் எழுத்துப்பிழையும் ஒற்றுப்பிழையும் நேராதவாறு தமிழறிந்த ஒருவர் மெய்ப்புப் பார்ப்பது நன்று. பிறமொழியினர்க்காகச் சேர்க்கும் துணையுரை இரு வரிகளுக்கு மிகாமல், படித்து முடிக்கும்வரை திரையில் நிற்க வேண்டும்.

திரைப்பாடல்களையோ பிறர் இசையையோ விரும்பியபடி சேர்க்க இயலாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, இசைப்பதிவுகளுக்கும் திரைப்படங்களுக்கும் அறுபதாண்டுக் காப்பு அளிக்கிறது. ‘சில நொடிகள் மட்டும் பயன்படுத்தலாம்’ எனப் பரவலாக நம்பப்படும் நொடிக்கணக்கு எதுவும் அச்சட்டத்தில் இல்லை. பள்ளியில் பாடவும் பறையிசைக்கவும் வல்ல மாணவர்களைக் கொண்டு இசை அமைத்து, அவர்கள் பெயரையும் சேர்ப்பது பாதுகாப்பான வழி. படத்திற்குத் தனித்தன்மையும் அதனால் கிட்டும். கேடென்லைவ், ஷாட்கட் போன்ற கட்டற்ற மென்பொருள்களும், டாவின்சி ரிசால்வின் கட்டணமில்லாப் பதிப்பும் இப்பணிகளுக்குப் போதுமானவை.

ஒப்படைத்தல்

படத்தை நூறுமுறை பார்த்தவர்களுக்கு அதன் குறைகள் தெரியா. கதை அவர்கள் மனத்தில் முன்பே முழுமையாக உள்ளது. ஆகையால், கதையறியாத சிலருக்கு முன்னோட்டமாகத் திரையிட்டு, “நன்றாக இருக்கிறதா?” என்று கேளாமல், “என்ன நடந்தது?” என்று கேட்க வேண்டும். வேன் வரும் காட்சியை நீக்கிய வடிவத்தைப் பார்த்தவர்கள் மாணவி இறந்துவிட்டதாகச் சொல்வராயின், அந்த நான்கு நொடிகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். படம் முடிந்தபின் இயக்குநர் எழுந்து விளக்கம் சொல்லும் நிலை வரக்கூடாது. சொல்ல வேண்டிய விளக்கம் எதுவோ, அதுவே படத்தில் குன்றிய பகுதி.

திருத்துவதற்கும் முடிவு வேண்டும். குறித்த நாளில் முடிக்கப்படாத படம், குறையுடையதாகக்கூட நிலைபெறுவதில்லை. வன்தட்டில் கோப்பாக உறங்கிவிடுகிறது. அதில் நடித்தவரின் உழைப்பும், நம்பிப் பேசிய தாயின் சொற்களும் உடன் உறங்கிவிடுகின்றன. இறுதிப் படியை உருவாக்கி, தொடக்கம் முதல் முடிவுவரை பெரிய திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பள்ளி வளாகத்திலேனும் திரையிட்டு, முதல் வரிசையில் அத்தகையோரை அமர்த்தும்போதுதான் குறும்படப் பணி நிறைவுறுகிறது.

கற்பவை கற்றபின்…

1. ஒரே முகத்தின் ஒளிப்படத்தை மூன்று வெவ்வேறு படங்களின் அருகே வைத்து வகுப்பில் காட்டி, நண்பர்கள் உணர்ந்த பொருள்களைத் தொகுத்து எழுதுக.
2. உங்கள் வகுப்பறையின் ‘அமைதி’யை அரை நிமிடம் செவிமடுத்து, கேட்ட ஒலிகளைப் பட்டியலிடுக.
3. ஒருவரிடம் நேர்காணல் செய்து இருபது தொடர்களில் எழுதுக. பொருள் பிறழாமல் அதனை ஐந்து தொடர்களாகச் சுருக்கி, அவரிடமே படித்துக்காட்டிக் கருத்தறிக.

பாடநூல் வினாக்கள்

பலவுள் தெரிக

1. அடுத்த காட்சியின் ஒலி, அக்காட்சி தோன்றுமுன் கேட்கத் தொடங்குவது
அ) எல் வெட்டு ஆ) ஜே வெட்டு இ) வண்ணத்திருத்தம் ஈ) சூழல் ஒலி

2. கதைக்குத் தொடர்பில்லாத அழகிய காட்சியை விரித்துக் காட்டுவது ______ என்னும் குற்றத்தின்பாற்படும்.
அ) குன்றக் கூறல் ஆ) கூறியது கூறல் இ) மற்றொன்று விரித்தல் ஈ) மிகைபடக் கூறல்

குறுவினா

1. ‘ஷாட்’ என்பது யாது?
2. படப்பிடிப்பு இடத்தின் சூழல் ஒலியைத் தனியே பதிவு செய்வது ஏன்?

சிறுவினா

1. குலெஷோவின் ஆய்வை உள்ளுறை உவமத்தோடு ஒப்பிடுக.
2. முன்னோட்டத் திரையிடலின் பயனை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

நெடுவினா

1. ‘ஒரு சொல்லும் பொய்யன்று, ஆயினும், அந்த வெட்டு பொய் சொல்லும்’ – படத்தொகுப்பாளரின் அறப்பொறுப்பினைப் பாடக் கருத்துகளின் வழிநின்று கட்டுரைக்க.